“திங்கள் காலைக்குள் வேணும்”: கறாரான மேனேஜரிடம் வேலை பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் மேசையைக் கடந்து போன மேனேஜர் நின்று, “கஸ்டமர் புகார் பத்தி ஒரு ரிப்போர்ட் போட்டுடுங்க. திங்கள் காலையில வேணும்” என்றார். “சரி சார்” என்றேன். பேச்சு அவ்வளவுதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து 42 பக்கத்துக்கு எழுதினேன். வரைபடம், அட்டவணை, பிற்சேர்க்கை என்று ஒன்றையும் விடவில்லை. திங்கள் காலை அவர் அதைத் திறந்து மவுஸை உருட்டிக்கொண்டே போனார். “மொத்தம் எத்தனை புகார், அதுல எத்தனை இன்னும் பாக்கி? எந்தப் பக்கத்துல இருக்கு?” ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

வெகுநாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, 42 பக்கம் அவர் கேட்கவே இல்லை. வெள்ளி மாலை வேலை கொடுத்தது அவர் தப்பு. “எதுக்கு சார்?” என்று ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு.

இப்படிப்பட்ட மேலதிகாரியைப் பற்றி யாரிடம் புலம்பினாலும் இரண்டு அறிவுரைதான் கிடைக்கும். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு இரு. இன்னொன்று, தூக்கிப் போட்டுவிட்டு வா. இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. முதல் வேலையில் இருப்பவர்களும் புது இடத்தில் சேர்ந்தவர்களும் எந்த வரிசையில் அதைச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் ஆளை இனம் பிரியுங்கள்

“ரொம்பப் படுத்துறார்” என்று சொல்லும்போது மூன்று விதமான ஆட்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

முதல் ஆள் கறாரானவர். ஒரு எண் தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார், பாராட்ட மாட்டார். ஆனால் என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருப்பார், நேற்றுச் சொன்னதை இன்றும் சொல்வார். இவரிடம் இரண்டு வருடம் இருந்தால் தொழில் கற்றுக்கொள்வீர்கள். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் ஆள் குழப்பக்காரர். காலையில் ஒன்று சொல்வார், மதியம் வேறொன்று. எல்லாமே அவசரம். பெரும்பாலும் அவருக்கு மேலே இருப்பவர் அவரை விரட்டிக்கொண்டிருப்பார், அது அப்படியே உங்கள் தலையில் இறங்கும். நான் பார்த்தவரை கடினமான மேனேஜர்களில் பாதிக்கு மேல் இந்த ரகம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இவரைச் சமாளிப்பதற்குத்தான்.

மூன்றாம் ஆள் அநியாயக்காரர். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவார், பொய்க் கணக்கு எழுதச் சொல்வார், தன் தப்பை உங்கள் பெயரில் போடுவார். இவரிடம் எந்தச் சாமர்த்தியமும் எடுபடாது. இவரைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

இனம் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. வேலை எவ்வளவு என்பதோடு, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். வேலைச் சுமை அதிகம், அதன்மேல் தனக்கு இருக்கும் பிடி குறைவு, இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மன அழுத்தம் அதிகம். சுமை மட்டும் அதிகமாக இருந்து, பிடி நம் கையில் இருந்தால், களைப்பு இருக்கும், ஆனால் வேலை பிடித்தே இருக்கும். கறாரானவர் கொடுப்பது சுமை. குழப்பக்காரர் பிடியைப் பறித்துவிடுகிறார். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெறும் வழிகள்.

நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

கையெழுத்துப் போட்ட அன்று சம்பள வரியை மட்டும்தான் எல்லாரும் படிக்கிறோம். இப்போது முழுதாகப் படியுங்கள். வேலை நேரம், வார விடுமுறை, ஓவர்டைம், தகுதிகாண் காலம், நோட்டீஸ் பீரியட் என்ற ஐந்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். “மேலாளர் அவ்வப்போது தரும் பிற பணிகள்” என்றும் ஒரு வரி இருக்கும். அது எல்லார் கடிதத்திலும் இருக்கும் வரி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை ஆலைத் தொழிலாளர்களுக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே, 1919-இல், எழுதிவிட்டது. இன்று ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் சட்டம் உண்டு, யார் யாருக்குப் பொருந்தும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். படித்ததைக் கொண்டுபோய் மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லவில்லை. எது அவர் கேட்கும் உதவி, எது உங்கள் கடமை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சில் ஒரு நிதானம் வந்துவிடும்.

வேலை கைக்கு வரும்போதே கேளுங்கள்

நான் அன்று கேட்காத கேள்விகள் இவை: இது எதுக்கு? யார் பார்க்கப் போகிறார்கள்? எவ்வளவு விரிவாக வேண்டும்? உண்மையில் எப்போது வேண்டும்?

நாலாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. “உடனே வேணும்” என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. “இப்பவே கிளையன்ட் லைன்ல இருக்கார்” என்றும் இருக்கலாம், “நான் மறந்துடுவேன், அதனால இப்பவே சொல்லிடறேன்” என்றும் இருக்கலாம். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். “மீட்டிங் எத்தனை மணிக்கு சார்?” என்று கேட்டுப் பாருங்கள். “திங்கள் காலை” என்பது பல தடவை “திங்கள் மூன்று மணி” ஆகிவிடும்.

கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் புதியவர்களுக்கு எப்போதும் உண்டு. அவர்கள் அப்படி நினைப்பது இரண்டு நாள் கழித்துத் தப்பான ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான். தயக்கமாக இருந்தால், கேட்பதற்குப் பதில் புரிந்துகொண்டதைச் சொல்லிக் காட்டுங்கள்: “அப்போ ஒரு பக்கத்துல, மொத்தப் புகாரும் பாக்கியும் மட்டும், மூணு மணி மீட்டிங்குக்கு. சரிதானே சார்?” தப்பு இருந்தால் அவரே திருத்திவிடுவார்.

உங்கள் வேகம் உங்களுக்குத் தெரியுமா?

ஒரு சின்ன நோட்டு வாங்கி, மூன்று வாரத்துக்கு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண் எழுதுங்கள். தொடங்குமுன் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தீர்கள், முடித்தபோது எவ்வளவு ஆனது. நான் எழுதியபோது, இரண்டு மணி நேரம் என்று நினைத்தது பெரும்பாலும் மூன்றரையில் முடிந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்தும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனிதர் நம்புகிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம், மேனேஜர் வைத்த கெடு என்று நாம் திட்டுகிற கெடுவில் பாதியை நாமே வாயால் கொடுத்திருப்போம். “எப்ப முடியும்?” என்று அவர் கேட்டிருப்பார், “நாளைக்கு சார்” என்று நாம் சொல்லியிருப்போம். நோட்டு கையில் இருந்தால் “போன தடவை இதுக்கு ஒன்றரை நாள் ஆச்சு சார், புதன் மதியம் தர்றேன்” என்று சொல்ல முடியும்.

“முடியாது” என்பதற்குப் பதிலாக

வேலை நிறைந்து வழியும்போது புதியவர்கள் ஒன்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுத் தூங்காமல் கிடப்பார்கள், அல்லது ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெடிப்பார்கள். இரண்டிலும் மேனேஜருக்கு ஒரு விஷயம் தெரிவதே இல்லை, உங்கள் மேசையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்பது. திங்கள் கொடுத்ததை அவரே செவ்வாய் மறந்திருப்பார். அதனால் சுமையை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பதுதான் வேலை. செவ்வாய் மதியம் புது வேலை ஒன்று வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

“சார், விலைப்பட்டியல் வேலை கிடைத்தது, சுமார் 9 மணி நேரம் ஆகும். கையில் ஏற்கெனவே ஸ்டாக் ரிப்போர்ட் இருக்கிறது. அதில் 5 மணி நேர வேலை பாக்கி, புதன் மாலை கெடு. வியாழன் முழுக்கப் புதியவர்களுக்குப் பயிற்சி. விலைப்பட்டியல் புதனுக்கே வேண்டுமென்றால் ஸ்டாக் ரிப்போர்ட்டை வெள்ளி தருகிறேன். ஸ்டாக் ரிப்போர்ட் முதலில் என்றால் விலைப்பட்டியல் வெள்ளி மாலை வரும். எதை முதலில் எடுக்கட்டும்?”

இதில் புலம்பலே இல்லை என்பதைக் கவனியுங்கள். “ரொம்பக் கஷ்டமா இருக்கு”, “ஒரே ஆளா எத்தனை பார்க்கிறது” என்று ஒரு சொல்லும் கிடையாது. மணிக்கணக்கும் தேதியும் மட்டும்தான். கடைசி வரி கேள்வியாக முடிவதால் முடிவு அவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றது தள்ளிப்போவது இனி அவருக்குத் தெரிந்தே நடக்கும்.

பெரும்பாலும் “ஸ்டாக் ரிப்போர்ட் வெள்ளி போதும்” என்று பதில் வரும். சில சமயம் “ரெண்டும் வேணும்” என்று வரும். அப்போது வேலையின் அளவில் கை வையுங்கள்: “சரி சார், விலைப்பட்டியல்ல அதிகம் விற்கிற 50 பொருள் மட்டும் புதனுக்குத் தர்றேன், மீதி வெள்ளி.” அல்லது ஆள் கேளுங்கள், அதையும் தெளிவாகக் கேளுங்கள். “யாராவது உதவினால் நல்லா இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். டேட்டா சரிபார்க்க நாளை காலை இரண்டு மணி நேரம் இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால், அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? முடிந்ததைச் செய்யுங்கள், ஆனால் முடியாது என்பதைக் கெடு நாளன்று சொல்லாதீர்கள். செவ்வாய் மாலையே “இந்த வேகத்தில் புதன் மாலைக்குள் 30 பொருள்தான் முடியும்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கெட்ட செய்தி சீக்கிரம் வந்தால் அவருக்கு அது ஒரு தகவல். கடைசி நிமிடத்தில் வந்தால் உங்கள் குற்றம்.

தன் பங்குக்கு வெளியே இருக்கும் வேலைகளும் இப்படித்தான். ஒரு நாள் அச்சுப்பொறியைச் சரிசெய்து கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து நீங்கள்தான் அந்த அலுவலகத்தின் அச்சுப்பொறி ஆள். முதல் தடவை செய்யுங்கள். இரண்டாம் தடவை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுங்கள். மூன்றாம் தடவை அவரைக் கை காட்டுங்கள்.

ராத்திரி பத்து மணி வாட்ஸ்அப்

சேர்ந்த முதல் சில வாரங்களில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அதுவே பழக்கமாகிவிடும். இரவு பத்தரை மணி மெசேஜுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் போட்டால், உங்களைச் சுறுசுறுப்பான ஆள் என்று நினைப்பார்கள் என்று நம்புகிறீர்கள். பத்தரைக்கும் இந்த ஆள் கிடைப்பார் என்றுதான் உண்மையில் அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். ஆறு மாதம் அப்படி இருந்துவிட்டு ஒரு நாள் பதில் போடவில்லை என்றால், “என்ன ஆச்சு, முன்ன மாதிரி இல்லையே” என்பார்கள்.

உலகம் முழுக்க இருக்கும் தொல்லை இது. பிரான்ஸில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கும் மெசேஜுக்கும் ஊழியர் பதில் தராமல் இருக்கலாம். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். “ராத்திரி போன்ல மெசேஜ் பார்க்க மாட்டேன் சார். அவசரம்னா கால் பண்ணுங்க, எடுப்பேன்.” இதைச் சாதாரணமாக, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். டைப் செய்வது சுலபம், ராத்திரி ஒருவரைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் இதைச் சொன்ன பிறகு என் மேனேஜர் அந்த வருடம் முழுக்க என்னை ராத்திரி கூப்பிட்டது இரண்டே தடவைதான், இரண்டும் நிஜமான அவசரம்.

பேசியதை எழுதி வையுங்கள்

வாய்மொழியாகச் சொல்லும் வேலைக்கு, மேசைக்குத் திரும்பியதும் ஒரு சின்ன ஈமெயில் போடுங்கள். “சற்றுமுன் பேசியபடி, பழைய படிவத்தை விட்டுவிட்டுப் புதியதில் தயார் செய்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லவும்.” குழப்பக்காரரைச் சமாளிக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. தொனி மட்டும் முக்கியம். சாட்சி சேர்க்கிற மாதிரி தெரிந்தால் அவர் சுதாரித்துக்கொள்வார். மறதிக்காரன் எழுதுகிற குறிப்பு மாதிரி இருக்கட்டும்.

அநியாயக்காரரிடம் மாட்டியிருந்தால் தனியாக ஒரு குறிப்பேடும் வேண்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர். “திட்டினார்” என்று எழுதாதீர்கள், என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதுங்கள். அதை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். அதே போல நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பவும் வேண்டாம், பிரச்சினை அப்படியே உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

கத்துகிறவர், பொய்க் கணக்குக் கேட்கிறவர்

கத்தும்போது பதில் பேசாதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் எதுவும் அவர் காதில் ஏறாது. தப்பு நம்முடையதாக இருந்தால் “தப்பு என்னுதுதான், நாலு மணிக்குள் சரிசெய்து தருகிறேன்” என்று முடியுங்கள். மறுநாள் அவர் தனியாக இருக்கும்போது போய், “நேத்து எல்லார் முன்னாலும் சொன்னது கஷ்டமா இருந்தது. அடுத்த தடவை தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க சார், கட்டாயம் கேட்டுக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். கறாரானவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். அநியாயக்காரர் இதற்கும் கத்துவார், அப்போது உங்களுக்கு ஆள் எந்த ரகம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

பொய்க் கணக்கு, பழைய தேதி போட்டுக் கேட்கும் கையெழுத்து, பாதுகாப்பு விதியை மீறும் வேலை, இவற்றில் பேரம் கிடையாது. “இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது சார்.” அவ்வளவு போதும், காரணம் அடுக்க வேண்டாம். நாளை விசாரணை என்று வந்தால், மேலிடம் சொன்னதால் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள்.

தொந்தரவு தொடர்ந்தால் குறிப்பேட்டோடு எச்.ஆர். பக்கம் போங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், எச்.ஆர். நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர்கள், உங்கள் வக்கீல் அல்ல. தேதியோடு எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குப் பதிலும் எழுத்தில் கேளுங்கள். வேலையிடத்தில் வன்முறையையும் தொல்லையையும் தடுப்பதற்கென்றே 2019-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு 190-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பல நாடுகளில் இதற்கெனத் தனிச் சட்டமும் புகார் அமைப்பும் உண்டு. தொழிற்சங்கம் இருந்தால் எச்.ஆருக்கு முன்பே அங்கே பேசுவது நல்லது.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று உலகச் சுகாதார அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தூக்கத்தைக் கெடுத்து வேலை பார்ப்பதில் வேலையும் கெடுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில் போட்ட எக்செல் சூத்திரத்தை மறுநாள் நீங்களேதான் தேடித் திருத்த வேண்டும்.

ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைவது, எந்த வேலையைப் பார்த்தாலும் எரிச்சல், முன்பு சுலபமாகச் செய்தது இப்போது வராமல் போவது, இவை பல வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கலாம்” என்று தள்ளிப்போட வேண்டாம்.

எப்போது கிளம்புவது

மேலே சொன்னதையெல்லாம் மூன்று நான்கு மாதம் செய்து பார்த்தும் எதுவும் அசையவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். கோபத்தில் காகிதம் நீட்ட வேண்டாம். உடம்போ மானமோ ஆபத்தில் இல்லாதவரை, அடுத்த வேலையின் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே பேசுங்கள். சம்பளச் சீட்டுகள், அனுபவச் சான்றிதழுக்கான விவரம், மிச்சமிருக்கும் லீவுக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் கொடுத்த அன்றே கணினி முடக்கப்படுவதும் நடக்கிறது. ராஜினாமாக் கடிதம் மூன்று வரி போதும். குறையையெல்லாம் அதில் கொட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த இடத்தின் நேர்முகத்தில், “ஏதாவது கேட்கணுமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். “இதே வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேளுங்கள். பதவி உயர்ந்து பக்கத்து டீமில் இருக்கிறார் என்றால் நல்லது. ஒரே வருடத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் அவர்கள் எப்படிப் பூசி மெழுகினாலும் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரே இருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.